‘டர்ன் இட் ஆஃப்’ சரியென்றால் ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ ஏன் பிழை? ஃபிரேசல் வெர்ப் பற்றி ஓர் ஐயம்

கேட்டவர்: தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்கிறேன். மாலையில், முன்பு தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொண்ட, இப்போது யாரும் பயன்படுத்தாத பழைய ஆயாக் கொட்டகையில், இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் பேசுகிறார்கள், ஆங்கிலம் பாடநூலிலும் கைப்பேசியிலும்தான் காதில் விழுகிறது. காலங்கள், ஒருமை பன்மை போன்றவற்றை விளக்குவதில் எனக்குப் பெரிய இடர் இல்லை. வினையோடு ஆஃப், அப், ஆஃப்டர் போன்ற ஒரு சின்னச் சொல் சேர்ந்து வரும் ஃபிரேசல் வெர்ப் வரும்போதுதான் வகுப்பு அப்படியே நின்றுவிடுகிறது.

சென்ற வாரம் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, தாத்தா விளக்கை அணைத்தார் என்பதைப் பலகையில் ‘தாத்தா டர்ண்ட் ஆஃப் த லைட்’ என்று சரியாக எழுதினாள். விளக்கு என்ற சொல்லுக்குப் பதிலாக ‘இட்’ போடச் சொன்னதும் ‘டர்ண்ட் ஆஃப் இட்’ என்றாள். அப்படி வராது, ‘டர்ண்ட் இட் ஆஃப்’ என்றுதான் வரும் என்று திருத்தினேன். அடுத்த வாக்கியம் ‘ஆயா லுக்ஸ் ஆஃப்டர் த பேபி’. இப்போது கற்ற பாடத்தையே கடைப்பிடித்து ‘ஆயா லுக்ஸ் ஹிம் ஆஃப்டர்’ என்று எழுதினாள். அதுவும் பிழை என்றபோது சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, “முதலில் நடுவில் வைக்கச் சொன்னீர்கள், இப்போது நடுவில் வைக்கக் கூடாது என்கிறீர்கள், எதில் வைப்பது, எதில் வைக்கக் கூடாது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, அண்ணே?” என்று கேட்டாள்.

என்னிடமுள்ள பயிற்சி நூலில் பிரிக்கக்கூடியவை, பிரிக்கக் கூடாதவை என்று இரண்டு நீண்ட பட்டியல்கள் இருக்கின்றனவே தவிர, ஒரு வினை ஏன் இந்தப் பட்டியலில் இருக்கிறது, ஏன் அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. பட்டியலில் இல்லாத ஒரு வினையைத் தேர்வுத்தாளில் பார்த்தால் அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? இதற்குப் பின்னால் ஏதேனும் காரணம் இருக்கிறதா என்று அறிந்தவர்கள் விளக்கினால், அதைக் கொண்டே அவளுக்கு விடை சொல்வேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, ஈப்போ

தம்பிக்கு வணக்கம். உங்கள் மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. மனனம் செய் என்று சொல்லி அவளை உட்காரவைத்துவிடாதீர்கள். காரணம் இருக்கிறது, அதைப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லவும் முடியும்.

அந்த இரு வாக்கியங்களும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. வினை, அதையடுத்து ஒரு சின்னச் சொல், அதையடுத்து ஒரு பெயர். ஆனால் அந்தச் சின்னச் சொல் வினையைச் சேர்ந்ததா, பெயரைச் சேர்ந்ததா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ‘டர்ண்ட் ஆஃப் த லைட்’ என்பதில் ஆஃப் வினையைச் சேர்ந்தது. திருப்பிய பிறகு விளக்கு எந்த நிலைக்கு வந்தது என்பதை அது சொல்கிறது. அதனால்தான் ‘த லைட் இஸ் ஆஃப்’ என்று தனியே சொன்னாலும் பொருள் நிற்கிறது. ‘லுக்ஸ் ஆஃப்டர் த பேபி’ என்பதில் ஆஃப்டர், தனக்குப் பின்னால் வரும் பெயரைச் சேர்ந்தது. நம் மொழியில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் நிற்கிறது. ‘த பேபி இஸ் ஆஃப்டர்’ என்று சொல்லிப் பாருங்கள், ஒன்றும் விளங்காது. பெயருக்கு முன்னால் நிற்கவேண்டிய சொல்லை அந்தப் பெயரைத் தாண்டிப் பின்னால் தள்ள முடியாது என்பதால்தான் ‘லுக்ஸ் ஹிம் ஆஃப்டர்’ என்பது வாக்கியமாகவே ஆகவில்லை.

வினையைச் சேர்ந்த சொல்லாக இருந்தால் பெயர் இருபுறமும் போகலாம்: ‘டர்ண்ட் ஆஃப் த லைட்’ என்பதும் சரி, ‘டர்ண்ட் த லைட் ஆஃப்’ என்பதும் சரி. பெயருக்குப் பதிலாக இட், ஹிம், ஹெர், தெம் போன்ற பிரதிப்பெயர் வந்தால் மட்டும் அது நடுவில்தான் அமர வேண்டும். ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் பொதுவாகப் புதிய செய்திக்கும் கனமான செய்திக்கும் உரிய இடம். ‘இட்’ என்று சொல்லும்போதே எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கேட்பவருக்குத் தெரியும். அதில் புதுமையும் இல்லை, அழுத்தமும் இல்லை. ஆகவே அது உள்ளே ஒதுங்கிக்கொள்ள, அழுத்தம் பெறும் ஆஃப் கடைசிக்கு வருகிறது. இதே காரணத்தால், செயப்படுபொருள் நீண்டுவிட்டால் அதை நடுவில் திணிப்பதும் நன்றாக இராது. கொட்டகையின் பின்கட்டில் நேற்று மாட்டிய நீளக்குழல் விளக்கை அணைத்தார் என்று சொல்ல வேண்டுமானால், ‘டர்ண்ட் ஆஃப்’ இரண்டையும் முதலில் சொல்லி முடித்துவிட்டு அந்த நீளமான பெயர்த்தொடரைப் பின்னால் வைப்பதே இயல்பு. நடுவில் வைத்தால், ஆஃப் வந்து சேருவதற்குள் கேட்பவர் வினையை மறந்துவிடுவார்.

இதை வகுப்பில் காட்டுவதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி, ஒரே இரண்டு சொற்கள் இரண்டு விதமாக நடக்கும் ஓர் இணையைப் பலகையில் எழுதுவதுதான். ‘ஹீ ரேன் அப் த ஹில்’ என்று ஒரு வாக்கியம். அவன் குன்றின்மேல் ஓடினான். ‘ஹீ ரேன் அப் த பில்’ என்று மற்றொரு வாக்கியம். அவன் கடையில் கடனை ஏற்றிக்கொண்டே போனான். தோட்டப்புற மளிகைக் கடையில் 555 நோட்டில் பற்று எழுதுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது வாக்கியத்தை விளக்கவே வேண்டாம். இப்போது இரண்டிலும் பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போடச் சொல்லுங்கள். குன்றென்றால் ‘ரேன் அப் இட்’, கடனென்றால் ‘ரேன் இட் அப்’. குன்று வாக்கியத்தில் அப் குன்றோடு சேர்ந்து, எங்கே ஓடினான் என்ற கேள்விக்கு விடையாகிறது. கடன் வாக்கியத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. அப் வினையோடு சேர்ந்து பெருகச்செய்தான் என்ற புதிய பொருளைத் தருகிறது. ‘அப் விச் ஹில் டிட் ஹீ ரன்’ என்று கேட்கலாம், ‘அப் விச் பில்’ என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதும் இதற்கு இன்னொரு சான்று.

பட்டியலில் இல்லாத வினை வந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். வினையை விட்டுவிட்டுச் சின்னச் சொல்லைப் பாருங்கள். ஃபார், அட், வித், ஃப்ரம், இன்டு, அகைன்ஸ்ட் ஆகியவையும் இவ்விடத்து ஆஃப்டரும் எப்போதும் பெயரைச் சேர்ந்தவை. ‘வெயிட் ஃபார்’, ‘லுக் இன்டு’, ‘டீல் வித்’, ‘டேக் ஆஃப்டர்’ எதையும் பிரிக்க முடியாது. அவே, பேக், டுகெதர், அபார்ட் ஆகியவை எப்போதும் வினையைச் சேர்ந்தவை. ‘த்ரோ இட் அவே’, ‘கிவ் இட் பேக்’ என்று தயங்காமல் நடுவில் வைக்கலாம். அவுட் என்பதையும் பெரும்பாலும் இவற்றோடு சேர்க்கலாம். உண்மையில் சிந்திக்க வேண்டியது அப், டவுன், ஆன், ஆஃப், இன், ஓவர், த்ரூ போன்ற, இரு பக்கமும் போகக்கூடிய சிலவற்றுக்கு மட்டுமே. பட்டியலின் பெரும்பகுதி இதனாலேயே குறைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. ‘இஸ் ஆஃப்’, ‘இஸ் அவுட்’ என்று சொல்லிப் பார்க்கும் சோதனை விளக்கு, அடுப்பு, சட்டை, செருப்பு போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கு நன்றாக வேலை செய்யும். கூட்டத்தை ஒத்திவைத்தார்கள் என்பதற்கு ‘புட் ஆஃப் த மீட்டிங்’ என்கிறோம். ஆனால் ‘த மீட்டிங் இஸ் ஆஃப்’ என்றால் கூட்டமே ரத்து என்று பொருளாகிவிடும். அது ‘கால் ஆஃப்’ என்ற வேறு வினையின் பொருள். ஆகவே சொல்வரிசைக்கு இந்தச் சோதனையைப் பயன்படுத்துங்கள், பொருளுக்கு அகராதியையே நாடுங்கள்.

மறுமொழி: ஆலைப் பொறியாளர், கோலகங்சார்

டீச்சர் சொல்வரிசையை முழுமையாக விளக்கிவிட்டார். நான் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். எங்கள் பதிவேடு முழுவதும் இந்த வினைகள்தாம் என்பதால், அதில் அன்றாடம் பார்க்கும் இரண்டொரு சங்கதிகளைச் சேர்க்க விரும்புகிறேன். வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் கூடும் என்பதால், இயந்திரம் எப்போது நின்றது, ஏன் நின்றது, யார் நிறுத்தினார் என்பதை ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்குத் தெளிவாக எழுதிவைத்தாக வேண்டும். அங்கே ஒரு வினையைத் தவறாக எழுதினால் பொறுப்பே இடம் மாறிவிடும்.

‘த பிரஸ் ப்ரோக் டவுன்’ என்றால் பிழியும் இயந்திரம் தானாகப் பழுதாகி நின்றது. இந்தப் பொருளில் அந்த வினைக்குச் செயப்படுபொருளே கிடையாது. ஆப்பரேட்டர் இயந்திரத்தைக் கெடுத்துவிட்டார் என்பதற்கு ‘தி ஆப்பரேட்டர் ப்ரோக் டவுன் த பிரஸ்’ என்று எழுதினால், அவர் அதைப் பாகம் பாகமாகக் கழற்றினார் என்று படிப்பவர் எண்ணுவார். ‘ஷட் டவுன்’ அப்படியன்று. ‘த பாய்லர் ஷட் டவுன்’ என்றால் கொதிகலன் நின்றது. ‘தி ஆப்பரேட்டர் ஷட் இட் டவுன்’ என்றால் ஒருவர் பார்த்து நிறுத்தினார். விசாரணை என்று வந்தால் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. ஆகவே எந்த வினை செயப்படுபொருள் ஏற்கும், எது ஏற்காது என்பதையும், பொருளை எழுதிக்கொள்ளும்போதே பிள்ளைகள் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

அடுத்தது, பெயரும் வினையும் குழம்புவது. ‘பிரேக்டவுன்’ என்று சேர்த்து எழுதினால் பெயர், ‘பிரேக் டவுன்’ என்று பிரித்து எழுதினால் வினை. ஷட்டவுன், டேக்ஓவர், செக்அப் எல்லாம் இப்படித்தான். பேசும்போது பெயருக்கு அழுத்தம் முதல் பகுதியில் விழும். வினையாக இருந்தால் பின்னால் வரும் சின்னச் சொல்லில் நன்றாக விழும். எங்கள் பதிவேட்டில் ‘பிரஸ் பிரேக்டவுண்ட்’ என்று பெயருக்கு இறந்தகால விகுதி ஒட்டி எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காலம் காட்ட வேண்டியது முதலில் நிற்கும் வினை மட்டுமே: ப்ரோக் டவுன், வோர் அவுட், ஹேண்டட் ஓவர். டவுன், அவுட், ஓவர் ஆகியவை எக்காலத்திலும் மாறாமல் நிற்கும்.

இன்னொன்று, சின்னச் சொல் பின்னால் நின்றால் ஒரு பொருள், முன்னால் ஒட்டினால் வேறு பொருள் என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சாலையில் லாரியை முந்துவது ‘ஓவர்டேக்’. ஒருவர் வேலையை அல்லது நிறுவனத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது ‘டேக் ஓவர்’. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் வினைக்கு முன்னால் ஒட்டுவதே மிகுதியாக இருந்தது; பிறகு சில நூற்றாண்டுகளில் அவை பின்னால் நகர்ந்தன. முன்னால் ஒட்டியபடி எஞ்சியவற்றை ஒரே சொல்லாக எழுதுகிறோம், அவற்றைப் பிரிக்க முடியாது.

மறுமொழி: தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்

கிராணி அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவர்களில் சிலர் எங்கள் பள்ளியில் படித்தவர்களாகவும் இருக்கலாம் என்பதால், தமிழிலிருந்தே இதற்கு ஒரு வழி இருப்பதைச் சொல்ல விரும்புகிறேன். ‘புட்’ என்ற ஒரே வினை, ‘புட் ஆன்’ என்றால் அணிவது, ‘புட் அவுட்’ என்றால் தீயை அணைப்பது, ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திப்போடுவது என்று மாறும்போது பிள்ளைகள் மிரளுகிறார்கள். ஆனால் அவர்களே நாள் முழுவதும் எழுதிவிட்டேன், எழுதிக்கொடுத்தேன், எழுதிவைத்தேன், எழுதிப்பார்த்தேன், எழுதித்தள்ளினேன் என்று சற்றும் யோசிக்காமல் பேசுகிறார்கள். எழுதித்தள்ளியவன் எதையும் கையால் தள்ளவில்லை. கண்டுபிடித்தவன் கண்டதும் இல்லை, பிடித்ததும் இல்லை. கணக்குக்கு விடை கண்டுபிடித்திருப்பான். குழந்தையைப் பார்த்துக்கொள் என்னும்போது வெறுமனே பார்க்கச் சொல்லவில்லை என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு சொற்கள் சேர்ந்து மூன்றாவது பொருளைத் தரும் என்பதை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள் என்று முதலில் உணர்த்துங்கள். அச்சத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

வேறுபாட்டையும் காட்ட வேண்டும். தமிழில் முதற்சொல் வினையெச்சமாக உறைந்து நிற்க, காலமும் இடமும் பாலும் பின்சொல்லில் ஏறுகின்றன: எழுதிவிட்டான், எழுதிவிடுவாள். ஆங்கிலத்தில் முதற்சொல் காலம் காட்ட, பின்சொல் உறைந்து நிற்கிறது. பொறியாளர் சுட்டிய ‘பிரேக்டவுண்ட்’ ஏன் வருகிறதென்று இதை வைத்துப் பார்த்தால் புரிகிறது. தமிழ்ப் பழக்கத்தில் காலத்தைக் கடைசிச் சொல்லில் தேடுகிறோம்.

நம் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் விசிறியை ஆஃப் பண்ணு, லைட்டை ஆன் பண்ணு என்கிறோம். டர்ன் என்ற வினையை விட்டுவிட்டுச் சின்னச் சொல்லை மட்டும் எடுத்து, அதோடு நம் ‘பண்ணு’வைச் சேர்த்துக்கொண்டோம். மலாயிலோ ‘புக்கா லம்பு’, ‘தூத்துப் லம்பு’, அதாவது விளக்கைத் திற, விளக்கை மூடு. இவ்விரண்டும் கலந்துதான் பிள்ளைகளின் ஏட்டில் ‘ஆஃப் த லைட்’ என்றும் ‘க்ளோஸ் த லைட்’ என்றும் வருகின்றன. நம் நாட்டில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ‘ஆஃப் த ஃபேன்’ என்றே பேசிக்கொள்கிறோம், யாருக்கும் விளங்காமல் போவதில்லை. அந்தப் பேச்சை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் தேர்வுத்தாளில் ஆஃப் தனியாக வினையாக நிற்காது, முன்னால் டர்ன் அல்லது ஸ்விட்ச் வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவதை நாம் ‘ஃபெட்ச்’ என்கிறோம், கொண்டுபோய் விடுவதை ‘செண்ட்’ என்கிறோம். இவ்விடங்களில் ‘பிக் அப்’, ‘டிராப் ஆஃப்’ என்ற வினைகளும் உண்டு என்று சொல்லிக்கொடுத்தால், அவர்கள் நாள்தோறும் செய்யும் செயலிலிருந்தே இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். இரண்டும் பிரிபவை: ‘பிக் ஹெர் அப்’, ‘டிராப் ஹிம் ஆஃப்’.

சின்னச் சொல்லுக்கு ஒரு பொதுப்பொருள் கொடுத்துக் கற்பிக்கும் முறையைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. அப் என்றால் முழுமை, நம் ‘விடு’ போல, என்று சொல்வார்கள். ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’, ‘ட்ரை அப்’ ஆகியவற்றுக்கு அது பொருந்துகிறது. ‘கிவ் அப்’, ‘பிரிங் அப்’, ‘மேக் அப்’ என்று வரும்போது கைவிடுதல், வளர்த்தல், கதைகட்டுதல் எதிலும் அந்த முழுமையைக் காண முடிவதில்லை. பொதுப்பொருளை ஒரு குறிப்பாகச் சொல்லலாம். அதை விதியாகச் சொன்னால் பிள்ளைகள் இல்லாத பொருளை ஊகித்து எழுதுவார்கள்.

கேட்டவர்: தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. குன்றும் கடனும் வரும் இணையை நேற்று மாலையே பலகையில் எழுதினேன். ‘ரேன் இட் அப்’ என்பதை அந்த மாணவியே சொல்லிவிட்டாள். சொன்னதோடு நில்லாமல், அப்படியானால் ‘லுக் அப் த வேர்ட்’ என்பதும் கடன் வாக்கியத்தைப் போன்றது, ‘லுக் இட் அப்’ என்றுதான் வரும் என்று தானாகவே சேர்த்துக்கொண்டாள். ஆசிரியர் சொன்ன எழுதித்தள்ளினேன் வகுப்பில் பெரும் ஆரவாரத்தை உண்டாக்கியது.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. மூன்று சொற்கள் சேர்ந்து வரும் ‘புட் அப் வித்’, ‘ரன் அவுட் ஆவ்’, ‘லுக் ஃபார்வர்ட் டு’ போன்றவற்றில் செயப்படுபொருளை எங்கே வைப்பது? இரண்டு இடைவெளிகள் இருக்கின்றனவே என்று ஒரு மாணவன் கேட்கிறான். அத்துடன், எஸ்.பி.எம். எழுத்துத்தாளில் முதலில் வரும் மின்னஞ்சலை முடிக்கும்போது பலரும் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதுகிறார்கள். ‘டு’வுக்குப் பின் வினையின் மூலவடிவம் வர வேண்டும் என்று நானே முன்பு கற்பித்திருக்க, இங்கே ‘மீட்டிங்’ என்று ஏன் வருகிறது என்பதை எப்படி விளக்குவது, டீச்சர்?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, ஈப்போ

லுக் அப் என்பதைத் தானாகவே கண்டுகொண்ட அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அயல்மொழியார்க்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய இடர் தருவது இந்த வினைகள்தாம் என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார் என்பதையும் அவளிடம் சொல்லலாம்.

மூன்று சொல் வினைகளுக்குப் புதிய விதி தேவையில்லை. முன்பு நாம் பிரித்த இரண்டு வகையும் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. நடுச்சொல் வினையைச் சேர்ந்தது, கடைச்சொல் பெயரைச் சேர்ந்தது. ‘புட் அப் வித் த நாய்ஸ்’ என்பதில் அப் வினையோடும், வித் இரைச்சலோடும் போகின்றன. கடைச்சொல் பெயரைச் சேர்ந்தது என்பதால் பெயரோ பிரதிப்பெயரோ அதற்குப் பின்னால்தான் வரும்: ‘புட் அப் வித் இட்’, ‘ரன் அவுட் ஆவ் இட்’. நடுவே உள்ள இடைவெளிகளில் எதுவும் நுழையாது. சில வினைகளுக்கு மட்டும் இரண்டு பொருள்கள் தேவைப்படும். தன் கோபத்தைத் தம்பிமேல் காட்டினான் என்பதற்கு ‘ஹீ டுக் இட் அவுட் ஆன் ஹிஸ் பிரதர்’ என்கிறோம். கோபம் நடுவில், தம்பி கடைசியில். இதுவும் அதே கணக்குத்தான்: அவுட் வினையைச் சேர்ந்ததால் ‘இட்’ அதற்கு முன் அமர்கிறது, ஆன் தம்பியைச் சேர்ந்ததால் தம்பி அதற்குப் பின் வருகிறான்.

‘டு’வைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் ஒரே எழுத்துடைய இரண்டு ‘டு’க்கள் இருக்கின்றன என்று சொல்லிவிடுங்கள். ஒன்று, ‘ஐ வான்ட் டு மீட் யூ’ என்பதில் வருவது. அதற்குப் பின் மூலவடிவம் வரும். மற்றொன்று நம் நான்காம் வேற்றுமை ‘கு’ உருபைப் போன்றது. அதற்குப் பின் பெயர்தான் வரும். ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் உள்ளது இரண்டாவது. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்’ என்று பெயர் வைத்துச் சொல்ல முடிகிறதல்லவா? பெயர் வரக்கூடிய இடத்தில் வினையை வைக்க வேண்டுமானால் அதைத் தொழிற்பெயராக்கித்தான் வைக்க முடியும். சந்திக்கக்கு என்று தமிழில் யாரும் சொல்வதில்லை, சந்திப்பதற்கு என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தத் தொழிற்பெயர் வேலையை ‘மீட்டிங்’ செய்கிறது. எங்கே ஐயம் வந்தாலும் ‘டு’வுக்குப் பின் ‘இட்’ அல்லது ஒரு பெயரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் இங் வடிவம், பொருந்தாவிட்டால் மூலவடிவம். ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ பொருந்துகிறது. ஆகவே அதிகாலையில் எழுந்து பழகியவர் ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி’ என்பார். ‘ஐ வான்ட் டு இட்’ பொருந்தவில்லை.

அடுத்த வகுப்பில் இந்த நான்கையும் கொடுத்து, பெயருக்குப் பதில் பிரதிப்பெயர் வைத்து எழுதச் சொல்லுங்கள்: ‘த மண்டோர் ஹேண்டட் ஓவர் த கீஸ்’, ‘த மேனேஜர் லுக்ட் இன்டு த கம்ப்ளைன்ட்’, ‘அக்கா புட் அவுட் த ஃபயர்’, ‘தே காட் ஓவர் த ஷாக்’. கடைசி வாக்கியத்தில் வேண்டுமென்றே ஓவரை வைத்திருக்கிறேன்; முதல் வாக்கியத்தைப் பார்த்துப் பிரித்துவிடுவார்கள். அது ஏன் பிரியாது என்பதற்கு அந்த மாணவி என்ன காரணம் சொல்கிறாள் என்பதை இங்கே எழுதுங்கள்.